டெஸ்கோவுக்கு அடியில் போன படிக்கட்டுகள்: ரக்பி லீக் மைதானங்கள், பழையதும் புதியதும்

விகன் நகரின் நடுவில் இன்று டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டும் அதன் கார் நிறுத்துமிடமும் இருக்கிற நிலத்தில், 1959-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று 47,747 பேர் கூடியிருந்தார்கள். விகனும் செயின்ட் ஹெலன்ஸும் மோதிய அந்த ஆட்டம் நடந்தது சென்ட்ரல் பார்க்கில். 1902-இல் திறந்த மைதானம், 1999-இல் மூடினார்கள். ஹாலிஃபாக்ஸின் த்ரம் ஹால் மைதானம் ஆஸ்டா கடையாகிவிட்டது. செயின்ட் ஹெலன்ஸின் நோஸ்லி ரோடு, சால்ஃபோர்டின் வில்லோஸ் இரண்டிலும் இப்போது வீடுகள். வட இங்கிலாந்தில் ரக்பி லீக் பார்க்கிற பெரியவர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் இந்தப் பெயர்கள் வந்துவிடும். கூடவே ஒரு பெருமூச்சும்.

அந்தப் பெருமூச்சில் நியாயம் எவ்வளவு, ஞாபகத்தின் மெருகு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். டிக்கெட் வாங்கிப் போகிறவருக்கு எங்கே நிற்பது, எங்கே உட்கார்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால், மைதானத்தின் வயதைப் பார்க்காதீர்கள். கால்பந்துக் கிளப்போடு பங்கு போட்ட மைதானமா என்று மட்டும் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள், சனிக்கிழமை வேலையை விட்டு ஆடவரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்ற சண்டையில் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தன. அணிக்கு 13 பேர், பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு மடக்கு, அதாவது பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்தும் டேக்கிள். ஆறாவது மடக்கில் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபடும். மில்லும் சுரங்கமும் இருந்த ஊர்களின் ஆட்டம் என்பதால் மைதானங்களும் தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டியே எழுந்தன. ஷிஃப்ட் முடிந்ததும் நடந்தே போகலாம். பழையவற்றின் முதல் அருமை இதுதான். இதைக் கட்டடக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இரண்டாவது அருமை டெரஸ். நம்மூர் மொட்டை மாடி அல்ல. நின்று பார்ப்பதற்கான கான்கிரீட் படிகள். ஒரு படியின் ஆழம் 35 முதல் 40 சென்டிமீட்டர், ஒருவர் நிற்கத் தோதாக. இடையிடையே சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் இரும்புத் தடுப்புகள், கூட்டம் மேலிருந்து கீழே சரியும்போது தாங்குவதற்கு. விளையாட்டு மைதானப் பாதுகாப்புக்கு பிரிட்டனில் பின்பற்றும் 'கிரீன் கைடு' வழிகாட்டியின்படி, நல்ல நிலையில் உள்ள டெரஸிலும் 10 சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் விடக்கூடாது. தடுப்புகளின் இடைவெளி சரியில்லை, படிகள் சிதைந்திருக்கின்றன என்றால் அந்த எண் இறங்கும். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் நின்ற மைதானத்துக்கு இன்று பத்தாயிரத்துக்குக்கூட அனுமதி கிடைக்காததற்கு இதுதான் காரணம். இடம் சுருங்கவில்லை, கணக்கு மாறிவிட்டது.

கணக்கு மாறியதற்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன என்பதை நினைவேக்கக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டின் வேலி பரேட் கால்பந்து மைதானத்தில் மரத்தால் ஆன ஸ்டாண்ட் எரிந்து 56 பேர் இறந்தார்கள். பல வருடங்களாக ஸ்டாண்டுக்கு அடியில் சேர்ந்திருந்த குப்பையில் பிடித்த தீ, நான்கைந்து நிமிடத்தில் கூரை முழுக்கப் பரவியது. சுற்றியிருந்த ரக்பி லீக் ஊர்களிலும் அதே வகை மர ஸ்டாண்டுகள்தான் இருந்தன. 1987-இல் வந்த சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் கூரை போட்ட ஸ்டாண்ட் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. கையில் காசில்லாத கிளப்புகளுக்கு ஸ்டாண்டைப் பூட்டுவது அல்லது இடிப்பது, இரண்டே வழி. ஆக, பழைய மைதானங்களைக் கொன்றது பேராசை மட்டுமல்ல. மரமும் தாரும் துருவும் பாதி வேலையை ஏற்கெனவே முடித்திருந்தன.

அடுத்து 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் உயிர்ப்பலி வாங்கிய நெரிசல், 1990-இல் அதை விசாரித்த டெய்லர் அறிக்கை. அதன் விளைவாக இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் இரண்டு பிரிவுகளில் எல்லா இடமும் இருக்கையாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டாயம் ரக்பி லீக்குக்கு இல்லவே இல்லை. லீக் ரசிகர் நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் ஹடர்ஸ்ஃபீல்டு 1994-இல், விகன் 1999-இல், ஹல் நகரின் லீக் கிளப்பான ஹல் எஃப்சி 2002-இன் கடைசியில் கால்பந்துக் கிளப்புகளோடு ஒரே கூரைக்குள் குடியேறின. கால்பந்துக்கு வந்த மருந்தை லீக்கும் சேர்ந்து குடித்தது. 2022 முதல் கால்பந்திலேயே உரிமம் பெற்று, தடுப்புக் கம்பியோடு நிற்க அனுமதிக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

பங்கு மைதானத்தின் இன்னொரு கோளாறு டேப் எடுத்து அளந்தால் தெரியும். கால்பந்து ஆடுகளம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். லீக்குக்கும் அகலம் 68 மீட்டர்தான். நீளத்தில்தான் வம்பு: கோல்கோட்டிலிருந்து கோல்கோடு வரை 100 மீட்டர், அதற்கு அப்பால், பந்தைத் தரையில் வைத்து 'ட்ரை' என்ற புள்ளி எடுக்கும் இன்-கோல் பகுதி இரு முனையிலும் 6 முதல் 11 மீட்டர். மொத்தம் 112 முதல் 122 மீட்டர் தேவை. கால்பந்துக்குக் கச்சிதமாகக் கட்டிய கிண்ணத்துக்குள் இதை அடைத்தால் இன்-கோல் குறைந்தபட்ச அளவுக்குச் சுருங்கும். தரையோடு உருட்டி உதைக்கும் பந்து, துரத்தும் ஆட்டக்காரர் எட்டுவதற்குள் பின்கோட்டைத் தாண்டிவிடும். லீக்கின் மிக அழகான ட்ரைகள் சில அந்த நான்கைந்து மீட்டரில்தான் பிறக்கின்றன. லீக்குக்காக இடம் விட்டு ஸ்டாண்டைப் பின்னால் தள்ளினாலோ, கால்பந்து ரசிகருக்குக் கோல் கம்பம் தூரமாகிவிடும். இருவருக்கும் முழுத் திருப்தி என்பது நடக்காத காரியம்.

விகனின் இன்றைய மைதானத்தில் இருக்கைகள் 25,000-க்குச் சற்று மேல். பார்வை சுத்தம், கழிப்பறை போதுமான அளவு, தூண் மறைப்பதில்லை. செயின்ட் ஹெலன்ஸோடு மோதும் நாளில் அருமை. சாதாரண வியாழக்கிழமை இரவில் காலி நாற்காலிகளின் நிறம்தான் கண்ணில் படும். சென்ட்ரல் பார்க் ரயில் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இதற்கு இருபது நிமிடம் நடக்க வேண்டும். நம் மதிப்பெண் பத்துக்கு ஆறரை. ஹடர்ஸ்ஃபீல்டின் வளைவுக் கூரை மைதானம் 1995-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கட்டட விருதைப் பெற்றது. 24,000 பேருக்கு மேல் கொள்ளும். லீக் ஆட்டத்துக்கு ஐயாயிரம் பேர் வந்தால் கல்யாண மண்டபத்தில் காதுகுத்து நடத்துவது போல இருக்கும். ஆறு. சால்ஃபோர்டு 2012-இல் போனது எம்60 நெடுஞ்சாலையோரம் உள்ள பார்ட்டனுக்கு. மைதானம் சின்னது, அளவானது, குறையில்லை. போய்ச் சேருவதுதான் பாடு: காலாற நடந்து போக ரயில் நிலையம் பக்கத்தில் இல்லை, திரும்பும்போது கார்கள் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் விழும். கார் இல்லாதவர் பேருந்து நேரத்தை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்.

இப்போது பார்வைக் கணக்கு. முன்வரிசைக்காரர் கண்ணுக்கு மேல் நம் பார்வைக்கோடு எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் போகிறது என்பதை வடிவமைப்பாளர்கள் 'சி மதிப்பு' என்பார்கள். 9 செ.மீ. நல்லது, 6 செ.மீ. ஒப்புக்கொள்ளலாம், அதற்குக் கீழே கழுத்துவலி. பக்கக்கோட்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி, கண் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், வரிசையின் ஆழம் 80 செ.மீ. என்று வையுங்கள். ஒவ்வொரு வரிசையும் 30 செ.மீ. மட்டும் உயர்ந்தால் கிடைப்பது 3 செ.மீ.; 35 உயர்ந்தால் கிட்டத்தட்ட 8; 40 உயர்ந்தால் 12.5. புதிய ஸ்டாண்டுகள் செங்குத்தாக இருப்பது இதனால்தான். 34 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது எல்லை. பழைய டெரஸையும் இதே அளவுகோலால் அளந்தால்? 35 செ.மீ. ஆழம், 10 செ.மீ. உயரம், கண் 2 மீட்டரில்: வெறும் 4 செ.மீ. தேறாது. ஆனால் நிற்பவர் நாற்காலியில் ஆணியடித்தவர் அல்லவே. அரை அடி இடப்பக்கம் நகர்வார், எக்குவார், இரண்டு தோள்களுக்கு நடுவே பார்ப்பார். உயரம் குறைந்தவர்களும் குழந்தைகளும் அந்தக் காலத்தில் என்ன பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

டெரஸில் நிற்கப் போகிறவர் நடு உயரத்தில் தடுப்புக் கம்பியைத் தேடுங்கள். சாய்ந்துகொள்ள வேண்டுமானால் கம்பி உங்களுக்கு முன்னால் இருக்கட்டும். குழந்தையோடு போனால் கம்பி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மேலிருந்து வரும் தள்ளுதலை அது வாங்கிக்கொள்ளும். மஞ்சள் பூசிய படிகள் நடைவழி, அங்கே நின்றால் ஊழியர் நகர்த்திவிடுவார். நாற்காலி ஸ்டாண்டில், தூணில்லாத உயரமான கூரை இருந்தாலும் முதல் ஏழெட்டு வரிசை காற்றோடு வரும் மழையில் நனையும். பழைய தாழ்வான தகரக் கூரை தூணோடு வந்தது, துருவோடு வந்தது. ஆனால் மழையையும் நிறுத்தியது, சத்தத்தையும் கீழேயே திருப்பி அனுப்பியது. ஹல் நகரின் பூலவார்டு மைதானத்தில் மூன்று பென்னி கட்டணத்தால் பெயர் பெற்ற 'த்ரீபென்னி ஸ்டாண்டு' எதிரணியைக் கதிகலங்க வைத்ததென்றால், அதில் கூரைக்கும் பங்குண்டு.

வாரிங்டன்தான் இதையெல்லாம் ஒழுங்காக யோசித்த ஊர். 1898 முதல் ஆடிய வில்டர்ஸ்பூலை விட்டு 2004-இல் ஹாலிவெல் ஜோன்ஸ் மைதானத்துக்கு வந்தார்கள். பழைய பீர் ஆலை இருந்த நிலம், வாரிங்டன் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கால்பந்துக் கூட்டாளி கிடையாது. இரண்டு பக்கம் இருக்கை, இரண்டு பக்கம் டெரஸ். கொள்ளளவு பதினைந்தாயிரத்தைச் சுற்றி; பன்னிரண்டாயிரம் பேர் வந்தாலே நிரம்பியது போல இருக்கும். டெரஸ் டிக்கெட் எடுங்கள். பத்துக்கு ஒன்பது. ஒன்றைக் குறைத்தது வெளித்தோற்றத்துக்காக. சரக்குக் கிடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். செயின்ட் ஹெலன்ஸ் 2012-இல் பழைய கண்ணாடித் தொழிற்சாலை நிலத்தில் கட்டிய 18,000 பேர் மைதானமும் இதே வழி: லீக்குக்கென்றே கட்டியது, டெரஸோடு, ஊருக்குள். எட்டரை. லீட்ஸின் ஹெடிங்லி இடத்தையே மாற்றவில்லை. 1890 முதல் அதே நிலம். 1897-இல் முதல் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம் நடந்ததும் அங்கேதான். தெற்கு ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டி 2019-இல் திறந்தபோதும் கீழ்த்தளத்தை நிற்பவர்களுக்கே விட்டார்கள். எட்டரை.

இன்னும் உயிரோடிருக்கும் பழையவற்றுக்குப் போக ஆசைப்பட்டால் காஸல்ஃபோர்டின் வெல்டன் ரோடு. ஒரு பக்கம் இருக்கை, மற்ற மூன்று பக்கமும் டெரஸ். ஆட்டக்காரர் மடக்கப்படும்போது நெஞ்சிலிருந்து காற்று போகும் சத்தம் கேட்கும் தூரம். கழிப்பறை வரிசைக்கு இடைவேளைக்கு இரண்டு நிமிடம் முன்பே கிளம்புங்கள். பேட்லியின் மவுண்ட் பிளெசன்ட் இன்னொரு ரகம்: ஆடுகளமே ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருக்கும். இறக்கத்தில் உதைத்த பந்து நினைத்ததைவிட நீளமாக ஓடும், ஏற்றத்தில் ஆடும் அணிக்கு முன்பே மூச்சு வாங்கும். சரிவின் கீழ் மூலையருகே நின்றால் ஆட்டத்தின் பாதிக் கதை உங்கள் காலடியில் நடக்கும். கையில் சூடான இறைச்சிப் பை, பக்கத்தில் மசித்த பட்டாணி. பாவ்ரில் என்று கோப்பையில் தருவது மாட்டிறைச்சிச் சாறு. சாப்பிடாதவர்கள் டீ கேளுங்கள்.

பழையது எல்லாம் பொன் என்பவரை பிராட்ஃபோர்டின் ஆட்சல் மைதானத்துக்கு அழைத்துப் போக வேண்டும். 1934-இல் திறந்த மாபெரும் பள்ளம். 1954-இல் ஹாலிஃபாக்ஸும் வாரிங்டனும் மோதிய சேலஞ்ச் கோப்பை மறு இறுதி ஆட்டத்துக்கு அதிகாரக் கணக்கின்படி 102,569 பேர் வந்தார்கள். எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. களத்துக்கும் படிகளுக்கும் நடுவே வண்டிப் பந்தயத் தடம், பெரும்பகுதிக்குக் கூரை இல்லை, காற்றுக்குத் தடையில்லை. சரித்திரத்துக்குப் பத்து, பார்வைக்கு நான்கு. அந்தக் காலத்துச் சேறும் மூடுபனியும் காணோமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1996-இல் முதல் பிரிவுப் போட்டியாக சூப்பர் லீக் வந்தபோது ஆட்டப் பருவமே குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியது. அதற்கு மைதானத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இதே வழக்கு சிட்னியிலும் நடக்கிறது. அங்குள்ள பழைய மைதானமான லைக்கார்ட் ஓவலின் புல்மேட்டில் உட்கார்ந்து பார்க்கும் சுகத்தைப் பாடாதவர் இல்லை. 2022-இல் ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்தின்போது அங்கே கைப்பிடிக் கம்பி பெயர்ந்து மாணவர்கள் கீழே விழுந்தார்கள். மேற்கே பரமாட்டாவில் 2019-இல் திறந்த 30,000 இருக்கை மைதானம் களத்தை ஒட்டிச் செங்குத்தாக எழுகிறது, பார்வையில் அதை அடிக்க ஆளில்லை. வாயிலில் ஒவ்வொரு டிக்கெட்டும் ஸ்கேன் ஆகி, வந்தவர் எண்ணிக்கை துல்லியமாகத் திரையில் வரும். மாரிக்வில்லில் பழைய செங்கல் சூளைப் பள்ளத்தின் மேல் இருக்கும் ஹென்சன் பார்க்கில் நியூடவுன் ஜெட்ஸ் அணி ஆடும்போது வந்தவர் எண்ணிக்கையை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். ஆயிரம் பேர் வந்தாலும் சரி, புல்மேடு நிரம்பி வழிந்தாலும் சரி, அறிவிப்பு எப்போதும் 8,972.