பழைய எஸ்யூவி வாங்கப் போகிற கடலூர், பாண்டிச்சேரிக்காரர்களே, எங்கள் 7 லட்சத்து 40 ஆயிரம் போன விதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

7 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். வெள்ளத்தில் மூழ்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனியே ‘இனி தேறாது’ என்று கணக்கை முடித்த ஒரு காரைக் கழுவித் துடைத்து, ‘ஒரே ஓனர், சுத்தமான வண்டி’ என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நேற்று மாலைதான் முழு விவரமும் தெரிந்தது. ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் பாதியை விட்டுவிடுவேன்.

விற்ற இடத்தின் பெயரைப் போடவில்லை. வழக்குக்குப் போகிறோம், இப்போதைக்கு வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பாண்டிச்சேரி எல்லைக்குள், மெயின் ரோட்டோரம், கலர் கொடி கட்டி, கண்ணாடி ஆபீஸ் வைத்து, பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிற ஒரு இடம். ஆன்லைனிலும் விளம்பரம் போடுகிறார்கள். காரின் கம்பெனிப் பெயரும் வேண்டாம். தயாரித்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நாங்கள் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். எனக்கு வேலை பாண்டிச்சேரி தாண்டி சேதராப்பட்டில். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று தினமும் ஊர்ந்து போய் ஊர்ந்து வர வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். தாழ்வான காரில் உட்கார்ந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும், மாதாமாதம் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். மழைக்காலத்தில் லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதை என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் சீட் உயரமாக, அடிப்பாகம் தரையிலிருந்து 190, 200 மில்லிமீட்டராவது தூக்கலாக இருக்கிற சின்ன எஸ்யூவிதான் என்று முடிவு செய்தோம்.

புது வண்டியைத்தான் முதலில் பார்த்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்தது. நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். தாண்டினால் 40. ரோட்டில் பார்க்க ஒரே அளவாகத் தெரியும் நெக்ஸானும் பிரெஸ்ஸாவும் இந்தக் கணக்கில் வேறு வேறு தட்டில் விழுகின்றன, பிரெஸ்ஸாவின் பெட்ரோல் எஞ்சின் 1462 சிசி என்பதால். அதோடு தமிழ்நாட்டுச் சாலை வரி. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். விலை 9 லட்சத்து 90 ஆயிரம் என்றால் வரி 1,28,700. அதற்கு மேல் வேரியன்ட் 10 லட்சத்து 20 ஆயிரம் என்றால் வரி 1,83,600. விலையில் வித்தியாசம் முப்பதாயிரம், வரியில் 54,900! ஷோரூமில் சன்ரூஃபைத் திறந்து காட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பேப்பர், பேனா எடுத்து நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. எட்டு லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். மூன்று வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி போதும் என்று இறங்கினோம். டீசல் வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தோம். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கிறது. நெரிசலிலேயே உருட்டிக்கொண்டிருந்தால் அதில் கரி அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால்தான் எரிந்து சுத்தமாகும். அரியாங்குப்பம் நெரிசலுக்கு அது சரிப்படாது.

இவ்வளவும் பார்த்துத்தான் அந்த இடத்துக்குப் போனோம். 2022 மாடல், தமிழ்நாட்டுப் பதிவு, ஒரே ஓனர். கேட்ட விலை 8 லட்சத்து 10 ஆயிரம். புது வண்டி விலையே இறங்கிவிட்டது, பழைய பட்டியலைக் காட்டிப் பேசாதீர்கள் என்று பேரம் பேசி 7 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கொண்டுவந்தேன். தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிப் போனேன். எஞ்சின் சுத்தம், ஆயில் சுத்தம், ஓட்டிப் பார்த்தால் சத்தம் இல்லை. அவர் தரைக் கார்ப்பெட்டைத் தூக்கக் கை வைத்தபோது, “இன்டீரியர் இப்பதான் புதுசா போட்டிருக்கோம், கிளிப்பு உடைஞ்சிடும் அண்ணா” என்று சேல்ஸ் பையன் தடுத்துவிட்டான். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளரும் வந்து சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் சரிபார்த்து ஓகே சொன்னார்.

அப்போதும் என் மனைவிக்கு ஒரு சந்தேகம். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணை ஆறு ஊருக்குள் புகுந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். “சார், இது தண்ணியில நின்ன வண்டி இல்லையே?” என்று நேராகவே கேட்டாள். அங்கே எல்லோரும் மேனேஜர் என்று கூப்பிடுகிற ஒரு பெரியவர், நெற்றி நிறைய விபூதி, எழுந்து வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தார். “அம்மா, அந்தப் புயல்ல எங்க வீட்டுக்குள்ளயே இடுப்பளவு தண்ணி. பீரோவுல இருந்த பொண்ணோட சர்ட்டிபிகேட் எல்லாம் நனைஞ்சு போச்சு. அந்தக் கஷ்டம் தெரிஞ்சவன், தண்ணியில நின்ன வண்டிய இன்னொருத்தர் தலையில கட்டுவனா?” என்றார். சொல்லிவிட்டு அவர்களுடைய பரிசோதனை அறிக்கையை எடுத்து, ‘வெள்ளப் பாதிப்பு: இல்லை’ என்ற வரிக்கு நேராக எங்கள் கண் முன்னாலேயே டிக் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த இடத்தில்தான் பணம் கை மாறியது. 5 லட்சம் வங்கிக் கடன், 2 லட்சத்து 40 ஆயிரம் அவள் பல வருடம் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.

ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டி வீட்டுக்கு வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவரும் அதே பெரியவர்தான்.

தீபாவளி மழையில் சாயம் வெளுத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் சேற்று நாற்றம். உள் கண்ணாடியில் ஈரம் படிந்து நிற்கும். ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டும், தானாகத் திறக்கும். அப்புறம் ஒரு நாள் அரியாங்குப்பம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அம்மா உள்ளே உட்கார்ந்திருக்க, வண்டி அப்படியே செத்து நின்றது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், மழை கொட்டுகிறது, டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

நேற்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் முன் சீட்டைக் கழற்றினார்கள். சீட் போல்ட் துருப்பிடித்து, ஸ்பேனரை வைத்தால் வழுக்கியது. கார்ப்பெட்டுக்குக் கீழே இருந்த பஞ்சை எடுத்தார்கள். அடியில் கோடையில் வறண்ட ஏரித் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது வண்டல். வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தது. அங்கிருந்த சூப்பர்வைசர் பின் சீட்டுக்குப் போய், பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். சுருளுக்குள் இருந்த பகுதியில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, அதற்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம். முன் பெல்ட் இரண்டையும் புதிதாக மாற்றியவர்கள் பின் பெல்ட்டை விட்டுவிட்டார்கள். ஓட ஓட இழுத்துக்கொண்டு போக நினைத்தால் ஆபத்து, விபத்தில் ஏர்பேக் விரியும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார். வயரிங், ஏர்பேக் மாட்யூல், சென்சார் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எஸ்டிமேட். 7 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் இது தனி!

ஆர்சி புத்தகத்தில் இருந்த முகவரியை வைத்துப் பழைய ஓனரைப் பிடித்தேன். விழுப்புரம் பக்கம். மறைக்காமல் சொன்னார்: “அந்த வண்டி டோட்டல் லாஸ் தம்பி. டேஷ்போர்டு வரைக்கும் தண்ணி. கம்பெனி பணம் குடுத்துட்டாங்க, உடஞ்ச வண்டின்னு ஏலத்துல எடுத்துட்டுப் போனாங்க.” நடப்பது இதுதான். ரிப்பேர் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று தீர்த்துவிட்டு, வண்டியைக் கழிவு விலைக்கு ஏலம் விடுகிறார்கள். ஆர்சி ரத்தாகாமல் வண்டியோடே போகிறது. வாங்கியவர் சீட் கவர், கார்ப்பெட், சென்ட் பாட்டில் என்று மாற்றி, பெயர் மாற்றுவதற்காக ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30 ஃபாரத்தோடு விற்பனைக்கு நிறுத்துகிறார். வண்டி விவரம் பார்க்கும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் தேடினால் ஓனர் விவரம், இன்ஷூரன்ஸ் தேதி, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். வெள்ளம் வராது.

விற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். முதலில் ஈரம் படிந்ததைச் சொன்னபோது, “மழைன்னா எல்லா வண்டியிலயும் அப்படித்தான் அண்ணா, ஏசி போட்டா போயிடும்.” ஏர்பேக் விளக்குக்கு, “சென்சார்ல தூசி, வந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்.” போனால் அந்த ஆள் லீவு. வண்டி நடுரோட்டில் நின்ற அன்று போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் படித்த அடையாளம் நீலமாக வந்தது, பதில் வரவில்லை. நேற்று வண்டல் போட்டோவோடு நேரில் போனேன். பெரியவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். வெளியே காத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் நடமாடுவது எனக்குத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் வெளியே வந்து, “நாங்க நடுவுல இருக்கிற கமிஷன் ஆளுங்கதான் தம்பி. வித்தது ஓனர். நீங்க கையெழுத்து போட்ட டெலிவரி நோட்டைப் படிங்க, ‘உள்ளது உள்ளபடி’ன்னு இருக்கு” என்றார். சீல் குத்திய அறிக்கையை நீட்டினேன். “அது செக்கிங் டீம் குடுத்தது, அவங்க இப்ப எங்ககிட்ட இல்ல” என்றார். டிக் போட்டது அவர் கை. என் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்ட டிக்.

கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. “உங்களுக்காக வேணும்னா ஒண்ணு பண்றேன், 3 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வண்டிய நாங்களே திருப்பி எடுத்துக்கிறோம்.” எடுத்து என்ன செய்வார்கள்? வண்டலைத் துடைத்து, பின் பெல்ட்டையும் மாற்றி, இன்னொரு குடும்பத்துக்கு 7 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டி சர்வீஸ் சென்டரில் கழற்றிய நிலையிலேயே நிற்கிறது, சாட்சிக்கு.

விரிவாக எழுத இப்போது முடியவில்லை, அவசரத்துக்குச் சிலதைச் சொல்கிறேன். முந்தைய ஓனரின் கடைசி இன்ஷூரன்ஸ் பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள். புதுசாகப் போட்டுத் தருவது போதாது. கிளெயிம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் நோ கிளெயிம் போனஸ் என்ற பிரீமியம் தள்ளுபடி 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும். மூன்று வருட வண்டிக்கு அது பூஜ்யம் என்றால் ஏன் என்று கேளுங்கள். எங்களிடம் “பழைய பேப்பர் கிடைக்கல” என்றே கடைசி வரை சொன்னார்கள். எல்லா பெல்ட்டையும், பின் பெல்ட்டையும் சேர்த்து, முழுசாக இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியில் கை விட்டுப் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்க விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ரிப்பேர் விவரம் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அது சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பாண்டிச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. திங்கட்கிழமை கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 7 லட்சத்து 40 ஆயிரத்தையும் வங்கி வட்டியையும் கேட்டு மனு கொடுக்கிறோம். பாகூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் இதே மாதிரி கண்ணாடி ஆபீஸில், இதே மாதிரி சீல் குத்திய அறிக்கையோடு இந்த வருடம் வண்டி எடுத்தவர்கள் இருந்தால், இன்றைக்கே பின் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். கோடு இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கலாமா என்று வக்கீலிடம் கேட்கிறேன்.