லிச்செஸ்ஸில் ஒரு வருஷத்துக்கு மேல்: புதிதாக ஆடுகிறவருக்கு எது உதவும்

செஸ்ஸில் காய் நகர்த்தத் தெரியும், ஆனால் ஆன்லைனில் யாரோடு ஆடினாலும் தோற்கிறேன் என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லிச்செஸ் என்ற இலவச செஸ் இணையதளத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாக விடாமல் ஆடுகிறேன். இன்னொரு செஸ் தளமான செஸ்.காமிலும் கணக்கு இருக்கிறது, அங்கே ஆடுகிறவர்கள் அதிகம், உங்கள் நண்பர்கள் அங்கே இருந்தால் தாராளமாக அங்கேயே ஆடுங்கள். ஆனால் அங்கே இலவசக் கணக்கில் புதிர்களுக்கும் ஆட்டத்தை அலசுவதற்கும் அளவு உண்டு. லிச்செஸ்ஸில் புதிர்களுக்கு அளவே இல்லை, விளம்பரமும் இல்லை, காசு கட்டினால்தான் திறக்கும் என்று எதுவும் இல்லை. திபோ டூப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010ல் தொடங்கியது, இன்றைக்கும் நன்கொடையில்தான் ஓடுகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் ரேட்டிங், அதாவது உங்கள் பலத்தைக் காட்டும் எண். லிச்செஸ்ஸில் எல்லோருக்கும் 1500ல் தொடங்கும். புதியவர் நாலைந்து ஆட்டம் தோற்றதும் அது சரசரவென்று இறங்கும், பலர் அங்கேயே மனசு விட்டுவிடுகிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும்வரை, உங்கள் பலம் என்னவென்று அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதனால்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவ்வளவு குதிக்கிறது. செஸ்.காம் எண்ணோடு இதை ஒப்பிடவும் வேண்டாம், தொடக்க நிலையில் பொதுவாக லிச்செஸ் எண் மேலேதான் இருக்கும். எண்ணைப் பார்த்தாலே படபடப்பு வருகிறது என்றால் செட்டிங்ஸில் போய் ரேட்டிங்கை மறைத்துவிடலாம். நான் மறைத்துத்தான் வைத்திருக்கிறேன், எதிராளியின் எண் தெரியாமல் ஆடும்போது பலகையில் இருப்பதை மட்டும்தான் பார்க்கிறோம்.

அடுத்தது நேரம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 3 நிமிஷ பிளிட்ஸும் 1 நிமிஷ புல்லட்டும் விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் புதிதாக ஆடுகிறவருக்கு அவற்றில் யோசிக்கவே இடமில்லை, ஏற்கெனவே இருக்கிற பழக்கம்தான் திரும்பத் திரும்ப ஓடும். 15+10 எடுங்கள், அதாவது ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடும். ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம் போதும்.

அந்த நேரத்தில் என்ன யோசிப்பது என்பதுதான் விஷயமே. தொடக்க நிலை ஆட்டங்களில் பெரும்பாலானவை திட்டத்தால் முடிவதில்லை, யாரோ ஒருவர் காவல் இல்லாமல் சும்மா நிற்க விட்ட குதிரையாலோ பிஷப்பாலோ முடிகின்றன. அதனால் எதிராளி நகர்த்தியதும் இரண்டு கேள்வி: அந்தக் காய் இப்போது எதைப் பார்க்கிறது, அது முன்பு நின்ற இடத்தை விட்டதால் எது திறந்துகொண்டது? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் என் ஆட்டம் மாறியது, ஏனென்றால் ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தால்கூடப் பின்னால் இருக்கிற பிஷப்புக்கு மூலைவரை வழி திறந்து உங்கள் யானை மாட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் நகர்த்தும் முன்பு, எதிராளி எங்கே செக் வைக்க முடியும், எதை வெட்ட முடியும் என்று ஒரு பார்வை. ஆரம்பத்தில் இது அலுப்பாக இருக்கும், சில வாரங்களில் கண் தானாகவே செய்யும்.

ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். நடுக்கட்டங்களில் சிப்பாய், குதிரையும் பிஷப்பும் வெளியே, சீக்கிரம் காஸ்லிங், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: நாலு நகர்த்தலில் மேட் வைக்கிற ஸ்காலர்ஸ் மேட். வெள்ளை ராணி ஹெச்5க்கு வரும், பிஷப் சி4க்கு வரும், இரண்டும் உங்கள் எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கும். உங்கள் குதிரை சி6ல் நின்று ஈ5 சிப்பாயைக் காக்கிறது என்றால் பதறாமல் ஜி7 சிப்பாயை ஜி6க்கு நகர்த்தி ராணியைத் துரத்துங்கள், அது எஃப்3க்குப் போய் மறுபடி மிரட்டினால் குதிரையை எஃப்6ல் வையுங்கள். அவர் ராணியை அலையவிட்ட நேரத்தில் உங்கள் காய்கள் வெளியே வந்திருக்கும், இனி ஆட்டம் உங்களுக்குச் சாதகம்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமின் அலசலை உடனே தட்டாதீர்கள். எந்த இடத்தில் கை மாறியது என்று முதலில் நீங்களே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரைக் கேளுங்கள். உங்கள் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு பட்டன் இருக்கிறது, தப்பான நகர்த்தல்களில் நிறுத்தி உங்களையே சரியானதைக் கண்டுபிடிக்கச் சொல்லும். லிச்செஸ்ஸில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். புதிர்களிலும் வேகப் போட்டியைவிட ஃபோர்க் (ஒரே காய் இரண்டு காய்களைத் தாக்குவது), பின் (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்னால் இருப்பது நகர முடியாமல் மாட்டுவது), ஒரு நகர்த்தலில் மேட் என்று தலைப்புவாரியாகப் பிரித்துப் போடுவது நன்றாகப் பதிகிறது.

கடைசிக் கட்ட ஆட்டத்தைப் புதியவர்கள் தொடுவதே இல்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன 14வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2ல் வைத்ததும் குகேஷ் யானைகளை மாற்றினார், பிஷப்புகளையும் மாற்ற வைத்தார், மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான், அது டிங் தோற்கிற நிலை. சிப்பாய் ஆட்டம் எப்படி முடியும் என்று தெரிந்தால்தானே எப்போது காய்களை மாற்றலாம் என்று தெரியும்? லிச்செஸ்ஸின் பிராக்டிஸ் பகுதியில் சிப்பாயைக் கடைசிவரை கொண்டுபோக ராஜா பிடிக்க வேண்டிய முக்கியக் கட்டங்கள், ராஜாவுக்கு எதிரே ராஜா நிற்கிற ஆப்பொசிஷன் இரண்டுக்கும் தனிப் பாடங்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

வீட்டில் பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்றால் அவர்கள் கணக்கில் கிட் மோடைப் போட்டுவிடுங்கள், முன்பின் தெரியாதவர்கள் அவர்களுக்கு எதுவும் எழுதி அனுப்ப முடியாது.