67 அங்குலப் பலகையும் பாடாய்ப் படுத்தும் பைண்டிங்கும்

என் நீர்ச்சறுக்குப் பலகையில் முன்காலைப் பிடித்துவைக்கும் உறையான பைண்டிங்கின் ரப்பரை மறுபடியும் மாற்றி வாங்கிவந்த அதே வாரத்தில், அலுவலகத்துத் தம்பி ஒருவர், “அண்ணே, உங்களிடம் இருக்கும் அதே நீர்ச்சறுக்குப் பலகைக்கு விலையைக் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து எழுதுகிறேன்.

பலகையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒற்றைப் பலகையின் நீளத்தை முடிவு செய்பவை ஆளின் எடையும் படகின் வேகமுமே. உயரத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. 80 கிலோ எடைக்கு அட்டவணை காட்டிய 67 அங்குலத்தை எடுத்தேன். படகு மெதுவாக இழுக்கும்போது நீர் தரும் தூக்குவிசை குறையும் என்பதால், மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து சறுக்கும் ஸ்லாலம் போட்டிகளில் ஆண்களுக்கான உச்ச வேகமான மணிக்கு 58 கிலோமீட்டரை நெருங்காத வார இறுதி ஆட்கள், இரண்டு அளவுகளுக்கு நடுவே தயங்க நேர்ந்தால் பெரியதை எடுப்பதே நல்லது. இதன் நடுப்பகுதி சற்று அகலம்; ஆழ்நீரிலிருந்து எழும்போது தோளைப் பிடுங்காமல் தூக்கி நிறுத்திவிடுகிறது. பைண்டிங்கை ஒரு துளை முன்னே நகர்த்தியதும் முனை தாழ்ந்து, திரும்புவது இன்னும் கூர்மையானது. பலகையின் அடியில், பின்பக்கம் இருக்கும் துடுப்பான ஃபின்னைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை.

எரிச்சலெல்லாம் பைண்டிங்கின்மேல்தான். ஒரே உறை பல அளவுக் கால்களுக்குப் பொருந்தும் என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். நனைந்த காலை உள்ளே நுழைத்து, முழங்காலை முன்னே மடக்கிக் குதிகாலைத் தூக்கினால், அது உறையைவிட்டு எழும்பக் கூடாது; அதே சமயம் விழும்போது கால் முழுதாகக் கழன்றுவரவும் வேண்டும். பாதி கழன்று பாதி சிக்கிக்கொண்டால் கணுக்கால் போய்விடும். இந்த உறையோ, புதிதாக இருக்கையில் சவர்க்கார நீர் இல்லாமல் காலை உள்ளே விடாது. சில மாதங்களில் குதிகால் பக்கம் தொளதொளத்துவிடும். குடிநீர்த் தேக்கத்தின் ஓரத்தில் சவர்க்காரத்தைக் குழைத்துக்கொண்டு நிற்பது எனக்கு உவப்பாகவும் இல்லை. பின்புறத்தைப் பிடித்து இழுக்க ஒரு விரல் துளை வைத்திருக்கிறார்களே, அதன் கீழ் விளிம்பில்தான் ஒவ்வொரு முறையும் மயிரிழையாய்க் கீறல் விழுகிறது, பிறகு தையல்வரை ஓடுகிறது.

நியாயமாகப் பார்த்தால் நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. ரப்பருக்கு எமன் அதுதான். ஆனால் என் பலகை பைக்குள் நிழலில் கிடக்கிறது. நான் சறுக்கும் சிங்கப்பூர்க் காலாங் படுகையும், 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டதை அடுத்து நன்னீராகிவிட்டதால், உப்பின்மீதும் பழிபோட வழியில்லை. பழுதுபார்த்தவரோ, இந்த மாடலுக்கு இது வழக்கம்தான் என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு ரசீதை நீட்டினார். வழக்கம் என்று தெரிந்தும் அதே ரப்பரையே அனுப்பிக்கொண்டிருப்பவர்களை என்ன சொல்வது?

கணக்குப் போட்டால் ஐந்தில் நான்கு மதிப்பெண் தாராளமாகத் தரலாம். ஆனாலும் தம்பியிடம் வேண்டாம் என்றே சொன்னேன். பலகையை மட்டும் தனியாக விற்பார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். விற்றால், வேறு தயாரிப்பின் பைண்டிங் தகடு இதன் திருகுத் துளைகளில் உட்காருமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே வைத்துப் பார்த்துவிட வேண்டும்.