பூனைக்கு ஃபீடிங் ட்யூப் போட்டுட்டு "லிவர் பவுடர்"னு பொட்டலம் குடுத்தா வாங்காதீங்க

சென்னையில பூனை வச்சிருக்கவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமாதான் இருக்கும். கிளினிக் பேரு போடல, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறேன், அதனால.

எங்க குண்டு அஞ்சு கிலோ, பேருக்கேத்த உடம்பு. வீடு மாறின பயத்துல கட்டிலுக்கடியில போனவன் சாப்பாட்டையே தொடல, மறுநாளே தூக்கிட்டுப் போயிட்டோம். ட்ரிப்ஸ், பி காம்ப்ளக்ஸ் ஊசி, ஒரு லிவர் டானிக், "பசிச்சா தானா சாப்பிடும்மா, பூனைங்க அப்படித்தான்". தினமும் இதே பாட்டு, தினமும் பில்லு. குளுக்கோஸ் ஏத்தினா அது சாப்பாடு ஆயிடாதுங்க. குண்டா இருக்கற பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கிடந்தாலே உடம்புல இருக்கற கொழுப்பு கரைஞ்சு லிவர்ல போய் அடைய ஆரம்பிச்சுடும், நமக்கு வர்ற ஃபேட்டி லிவர் மாதிரி வருஷக்கணக்குல இழுக்காது, சீக்கிரமே உயிர எடுத்துரும். காது உள்பக்கமும் ஈறும் மஞ்சளானப்புறம்தான் "ஜாண்டிஸ் வந்துருச்சு, ட்யூப் போடணும்"னாங்க.

ட்யூப்ப நான் குறை சொல்லல. கழுத்து வழியா உணவுக்குழாய்க்குள்ள விடுற அந்த ட்யூப்தான் இந்த நோய்க்கு மெயின் வைத்தியமே, பாக்க நமக்குதான் பயமா இருக்கும், அவன் பாட்டுக்கு இருந்தான். அதுல என்னத்த ஊத்தச் சொன்னாங்கங்கறதுதான் மேட்டர்.

ஜிப் கவர்ல வெள்ளைப் பொடி. லேபிள் இல்ல, எக்ஸ்பயரி இல்ல, மேல மார்க்கர்ல "லிவர்"னு மட்டும் எழுதியிருக்கு, 1,800 ரூபா. ரெண்டு டீஸ்பூன் பொடி, 30 மில்லி வெந்நீர், மூணு வேளை. இதுல என்ன இருக்குன்னு கேட்டா "அது எங்க ஃபார்முலா மேடம்"னு ரிசப்ஷன்ல சிரிக்கிறாங்க. புரோட்டீன் குடுத்தா லிவர் தாங்காது, வேற எதுவும் குடுத்துடாதீங்கன்னு கண்டிஷன் வேற! வீட்டுக்காரர் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாத்துட்டு "என்னடி இது, குளுக்கோஸ் மாதிரி இனிக்குது"ங்கறாரு. அவனோ நாளுக்கு நாள் வத்திக்கிட்டே போறான்.

நேரா வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவர பாத்த டாக்டருக்கு வந்துச்சே கோவம். "முழுக்க சர்க்கரைன்னே வச்சாலும் ஆறு ஸ்பூன் நூறு கலோரி தாண்டாதும்மா, இவன் சும்மா படுத்திருக்கவே 220 வேணும்"னாரு. புரோட்டீன குறைக்கறது நச்சு மூளைக்கு ஏறி எச்சில் ஒழுகி தள்ளாடுற பூனைக்குத்தானாம், மத்தபடி இந்த நோய்ல புரோட்டீன்தான் காப்பாத்தும்னு சொன்னாரு. அங்கயே ரெகவரி டின் (நோயில இருந்து தேறுற பூனைக்குன்னே வர்ற டின் சாப்பாடு) எழுதிக் குடுத்தாங்க, தண்ணி விட்டு மிக்ஸில அடிச்சு வடிகட்டி வெதுவெதுப்பா சிரிஞ்சுல, கால் மணி நேரம் எடுத்து மெதுவா, முடிச்சதும் கொஞ்சம் தண்ணி விட்டு ட்யூப்ப அலசிடணும், இல்லன்னா அடைச்சுக்கும். மொத நாளு தேவையில கால் பங்குதான், நாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பட்டினி கிடந்த உடம்புல ஒரேயடியா ஊத்தினா ரத்தத்துல பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டுனு இறங்கிடும், அதுவே ஆபத்து, அதனால நடுவுல பிளட் டெஸ்ட் பண்ணிட்டே இருந்தாங்க. பழைய இடத்துல இந்த டெஸ்ட் பத்தி ஒரு வார்த்தை பேசல.

இன்னொரு கூத்து. ட்யூப் சரியான இடத்துல இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்ததா பில்லுல போட்டிருந்தாங்க. ஃபிலிம் கேட்டா "டிஜிட்டல்மா, சர்வர்ல இருக்கு, மெயில் பண்றோம்"னாங்க, இன்னிக்கு வரைக்கும் வரல. வேப்பேரில எடுத்துப் பாத்ததுல ட்யூப் ஒழுங்காத்தான் இருந்துச்சு, அது எங்க அதிர்ஷ்டம், அவங்க சாமர்த்தியம் இல்ல.

குண்டு இப்ப தானா சாப்பிடுறான், ட்யூப் எடுத்தாச்சு. கோர்ட்ல குடுக்க பில்லு, பொட்டலம் ஃபோட்டோ, பிளட் ரிப்போர்ட் எல்லாம் தேதிவாரியா எடுத்து வச்சிருக்கேன், பழைய கிளினிக் டாக்டரோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர வச்சு வெட்னரி கவுன்சிலுக்கும் எழுதப்போறேன். கன்ஸ்யூமர் கேஸுக்கு ரெண்டு வருஷம்தான் டைம், பழைய பில்லு வச்சிருக்கவங்க தள்ளிப் போடாதீங்க. இதே மாதிரி பேரில்லாத பொட்டலம் யாராவது வாங்கியிருந்தா பில்லோட எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே குடுத்துடலாம்.