கெம்பஸ் மலையேற்றப் பேச்சுகள்: கேள்வி நேரம் எங்கே போகிறது?

அட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: கெம்பஸ் மலையேற்றச் சங்கம் நடத்தும் பயணப் பேச்சுகளுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவதில் பிரயோசனம் இருக்கிறதா? வருடக்கணக்காகப் போய்வருகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அனுமதி இலவசம், வெளியாட்களும் வரலாம் என்பதெல்லாம் தெரிந்ததுதான். தமிழில் கேள்வி கேட்டாலும் யாராவது எழுந்து பேச்சாளருக்கு எடுத்துச் சொல்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

நம் மலைகளில் எவ்வளவு நடந்தாலும் கிடைக்காத அறிவு இங்கே கிடைக்கிறது. பிதுருதலாகல 2,524 மீட்டர். அதற்கு மேல் இந்த நாட்டில் தரை கிடையாது. உயரத்தால் வரும் நோய் தலைகாட்டத் தொடங்குவதே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். ஆகவே சிவனொளிபாதமலையை ஓடியே ஏறுகிறவருக்கும் இமயமலையில் உடம்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். தலையிடியும் வாந்தியும் இருக்கும்போது மேலே போகவே கூடாது. நேபாளம் போய்வந்தவர்கள் இதைத் தங்கள் முகாம் அட்டவணையோடு காட்டும்போது மனதில் பதிகிறது.

நான் எதிர்பாராத சந்தோஷம், பின்வரிசைக்கு அருகே போடும் சாமான் மேசை. பேச்சாளர் பயணத்தில் பாவித்த பொருட்களைத் தொட்டுப் பார்க்கலாம். அட்டைக்கடியைத் தடுக்கப் போடும் அட்டைச் சொக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி; சாதாரண சொக்ஸுக்கு மேலே போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டி, அதற்கு மேல் சப்பாத்து. வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி, விரல் பக்கத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். ஊசித்துளை தெரிந்தால் வேண்டாம். பசித்த அட்டை நூல்போல மெலிந்து அதற்குள்ளால் வந்துவிடும். கடித்தால் பிடித்து இழுக்காமல், மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது எச்சிலில் ஒன்றைக் கலந்துவிடுவதால் கொஞ்சநேரம் வடியும். அழுத்திப் பிடித்தால் போதும். கேஸ் குப்பிகளையும் அந்த மேசையில்தான் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தனி பியூட்டேன் என்றால் சுழியப் பாகைக்குக் கிட்ட ஆவியாகவே மறுக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் பனி கொட்டும் தை மாத இரவில் அடுப்பு எரியாததற்கு அதுதான் காரணம். புரோப்பேன் கலந்த குப்பி வேண்டும், அல்லது குப்பியை இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் தருகிற இடத்தில் ஒரே ஒரு விஷயத்துக்காக ஒவ்வொரு முறையும் கோபத்தோடுதான் திரும்புகிறேன். கேள்வி நேரம்.

விளக்கேற்றல், வரவேற்புரை, அதிதிகள் அறிமுகம், அனுசரணையாளரின் காணொளி, நினைவுச் சின்னம். பேச்சு தொடங்கும்போதே நேரம் போய்விட்டது. பிறகு சிகரத்தில் கொடி பிடித்த படங்கள். கடைசியில் ‘இரண்டு கேள்வி மட்டும்’ என்று அறிவிப்பு வரும். அதற்குள் கம்பளைக்கும் அட்டனுக்கும் போகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்காக எழும்பிவிடுகிறார்கள்.

உயிரைக் காப்பாற்றும் தகவல் எல்லாம் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. நம் நாட்டு மலையேறி ஜயந்தி குரு-உதும்பால 2016 மே 21ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியில் நின்றது எல்லாருக்கும் தெரியும். அவரோடு போன ஜொஹான் பீரிஸ் அந்த முறை 8,400 மீட்டர் வரை போய்த் திரும்பினார். 2018இல் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். அந்த மாதிரித் திரும்புதலை எந்த நேரத்தில், எதை வைத்து முடிவுசெய்வது என்றுதான் புதிதாக மலையேறுகிற பிள்ளைகள் கேட்கவேண்டும்.

நம் நக்கிள்ஸ் மலைத்தொடரில் நடப்பதற்கும், எப்போது திரும்புவது என்ற இதே கணக்குத்தான். தட்டையில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம் என்பது நடை நேரத்தைக் கணிக்கும் பழைய சூத்திரம். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதம் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். ஏற்றத்துக்கு மட்டும் 1 மணி 40 நிமிடம் சேர்க்கவேண்டும். அது படிக்கட்டு. மானாப்புல்லும் ஈரப் பாறையுமாக இருக்கும் பாதையில் இன்னும் கூடும். மாலை ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும், அந்தி நீளாது. பிற்பகலில் முகில் இறங்கினால் பத்தடிக்கு முன்னால் பாதை தெரியாது. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே கடிகாரத்தில் குறித்துக்கொள்ளாதவர்கள்தான் இருட்டில் மாட்டுகிறார்கள்.

கூட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்த மழைக்கு எந்த ஆறு பெருகும், எந்தச் சரிவு வழுக்கும் என்று தெரிந்தவர்கள். அவர்கள் வாய் திறக்க நேரமே இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஏற்பாட்டாளர்களிடம் சொல்லியாகிவிட்டது. வரவேற்பைச் சுருக்குங்கள், நன்றியுரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அளவுத்திட்டமும் நேரங்களும் குறித்த வரைபடம் ஒன்றையாவது காட்டுங்கள். தலையாட்டுகிறார்கள், அடுத்த மாதம் அதே நிரல்.

ஆகவே தம்பி, இந்தத் தவணை நான் போகப்போவதில்லை. நீங்கள் வருவதானால் பேச்சு தொடங்குவதற்கு முன்பே சாமான் மேசைக்குப் போங்கள். பேச்சாளர் அநேகமாக அங்கேதான் நிற்பார். எத்தனை மணிக்குத் திரும்புவதாக இருந்தீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.