சிங்கப்பூரும் திருத்துறைப்பூண்டியும்: இரண்டு ஊர்த் தண்ணீர் குடித்த அனுபவம்

சிங்கப்பூர் வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. சம்பளம், சுத்தம், எம்ஆர்டி ரயில் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கடைமடைக்காரன், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்க்காரன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். காவிரி கல்லணை தாண்டிப் பல ஆறுகளாகப் பிரிந்து, வழியில் உள்ள வயலெல்லாம் குடித்தது போக மிச்சம் இருந்தால்தான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். போர் போட்டால் உப்பு. குடிதண்ணீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. அது வரும் நேரம் பார்த்துத்தான் அம்மா வெளியே கிளம்புவார். டீக்கடையில் உட்கார்ந்தால் முதல் கேள்வியே "மேட்டூர்ல எத்தனை அடி?"தான். ஜூன் 12 அணை திறக்கும் நாள் என்று பெயர். 2022-ல் மே மாதமே திறந்தார்கள். 2024-ல் ஜூலைக் கடைசி ஆகிவிட்டது. குறுவை போடுவதா, சம்பாவோடு நிறுத்திக்கொள்வதா, வீட்டுக் கல்யாணத்தை எப்போது வைப்பது, எல்லாமே அந்த அடிக் கணக்கைப் பொறுத்தது.

இங்கே சிங்கப்பூரில் வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். வந்திருந்த அம்மா அதை நம்பவில்லை. கடைசி நாள் வரை கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடிவைத்துத்தான் குடித்தார்.

ஆனால் சிங்கப்பூரும் ஒரு கடைமடைதான். 1962 ஒப்பந்தப்படி பக்கத்து மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். 2061-ல் அது முடிகிறது. அதை மனத்தில் வைத்துத்தான் 2003-ல் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் கொண்டுவந்தார்கள். 2008-ல் மழைநீரைத் தேக்க மரினா அணைக்கட்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் உண்டு. சும்மா இல்லை, 2017, 2018 என இரண்டு கட்டமாகக் கட்டணத்தை மொத்தம் 30 விழுக்காடு ஏற்றினார்கள். மாதப் பில்லில் நம் வீட்டுச் செலவையும் அக்கம்பக்கத்துச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் வாளி வைத்துக் குளிக்கும் பழக்கம் திரும்ப வந்தது.

மற்ற விஷயங்களில் ஊர் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. 2023-லிருந்து சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்னும் இணையப் பணப் பரிமாற்ற முறைகளின் இணைப்பு வழியாக நான் அனுப்பும் பணம் உடனே போய்ச் சேருகிறது. அப்பாவின் பிரஷர் மாத்திரை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. இங்கே நானே போய் வாங்க வேண்டும்.

தூரம்தான் தாங்க முடியாதது. திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரம்தான் என்று சொல்லிக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. அதன்பின் நாள்கணக்கில் அம்மாவின் போன் எடுக்கவில்லை. டவர், மின்கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தன. பேச முடிந்தபோது அம்மா சொன்னது தென்னை விழுந்ததை இல்லை. "கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, கோயில் குளம்தான்டா தெருவுக்கே புழங்க ஆச்சு" என்றார்.

ஊரிலிருந்து வந்திருக்கும் எங்களுக்குள் இப்போது அந்தக் கோயில் குளத்தைத் தூர்வாரும் பேச்சுதான் நடக்கிறது. குளத்துக்கு வரும் வாய்க்கால் தூர்ந்து, பாதி இடத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. மேட்டூர் திறப்பு நம் கையில் இல்லை. வருகிற தண்ணீரையும் ஐப்பசி மழையையும் பிடித்துவைப்பது நம் கையில் இருக்கிறது. இந்தச் சித்திரையில், தண்ணீர் வருவதற்கு முன்பே, பொக்லைன் விட்டுவிட வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.