சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறதா? கூடவே வேறு எது நின்றது என்று பாருங்கள்

தர்மபுரியில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் 2,200 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் மட்டும் போயிருந்தால் வீட்டில் நாலு திட்டு வாங்கிக்கொண்டு மறந்திருப்பேன். அந்த ஏமாற்றில் எங்கள் ஏப்ரல் மாதப் பட்டுக்கூடு மகசூலில் பாதி போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் கையில் பில் இல்லை. பில் இல்லாமல் பெயரைச் சொன்னால் பதில் சொல்ல வேண்டியவள் நானாகிவிடுவேன்.

நாங்கள் பாலக்கோடு பக்கம். ஒரு ஏக்கரில் மல்பெரி. இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த வெண்பட்டுப் புழுக்களை வாங்கி வந்து, கூடு கட்டும்வரை வளர்த்து, தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்குக் கொண்டுபோகிறோம். ஒவ்வொரு முறையும் 100 முட்டைத் தொகுதி, அதாவது 100 தாய்ப் பூச்சிகள் இட்ட முட்டைகளிலிருந்து வந்த புழுக்கள். இந்த வேலை தெரிந்தவர்களுக்குக் கடைசி வாரத்தின் பதற்றம் புரியும். புழு தன் ஆயுளில் தின்கிற இலையில் பெரும்பகுதியை, கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. புழு வளர்ப்பு மனைக்குள் 24, 25 டிகிரி இருக்க வேண்டும். காற்றோட்டமும் வேண்டும், ஈரப்பதமும் அளவோடு வேண்டும். மேலே அட்டைக் கூரை. ஏப்ரல் வெயிலில் அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாக்குப் படுதாவை நனைத்துத் தொங்கவிட்டு, மேலே தண்ணீர்த் தெளிப்பானையும் மோட்டார் வைத்து ஓட்டித்தான் சமாளிக்கிறோம்.

போன வருடம் மனைக்குள் ஒரு சின்னப் பெட்டி மாட்டினோம். சிம் கார்டு போட்ட பெட்டி. உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு என்று அளந்து அனுப்பும். 28 டிகிரியைத் தாண்டினால் என் போனில் உள்ள செயலி அலறும். உண்மையிலேயே அலறியது. டிசம்பரில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து மனைக்குள் கொண்டுபோனதற்கே கத்தி ஊரைக் கூட்டியது. அதை நம்பி நான்கு மகசூல் எடுத்தோம்.

மார்ச் மாதத்தில் போனில் சார்ஜ் மாலைக்குள் தீர ஆரம்பித்தது. வாங்கி மூன்று வருடம் ஆகப் போகிறது. பேட்டரி தளர்ந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு தர்மபுரிக்குப் போனேன். கடைக்காரத் தம்பி போனை வாங்கி, விரல் நுனியால் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். "அக்கா, பேட்டரி ஊதிவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் வெடித்திருக்கும்" என்றார். வெடிக்கும் என்ற சொல்லைக் கேட்ட பிறகு யார் பேரம் பேசுவார்கள்? பேட்டரிக்கு 1,600, சாஃப்ட்வேர் சர்வீசுக்கு 600. போனை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். நான் எதிரில் டீ குடித்துவிட்டு வந்தேன். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. பழைய பேட்டரியைக் கேட்டேன். "அது வீட்டில் வைக்கிற பொருள் இல்லை அக்கா, ஆபத்து." பில் கேட்டேன். "நம் கடைதானே, ஏதாவது என்றால் நேரில் வாருங்கள்."

சார்ஜ் இரண்டு நாள் நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். பால் சொசைட்டியில் நின்றுகொண்டு மூன்று பேரிடம் அந்தக் கடையைப் புகழ்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பத்தொன்பது நாள் கழித்து, ஐந்தாம் பருவத்தின் ஐந்தாம் நாள். அத்தைக்குக் கண் காட்ட தர்மபுரி போக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவரிடம் இருப்பது பொத்தான் போன். சூடு ஏறினால் என் போன் அடிக்கும், நான் அவரைக் கூப்பிடுவேன் என்பதுதான் ஏற்பாடு. மருத்துவமனையில் காத்திருந்த நேரம் முழுக்க போன் என் கைப்பையில் கிடந்தது. இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அண்ணி அனுப்பிய குழந்தைப் படம் வந்திருந்தது. நெட் வேலை செய்கிறது, வேறு ஒன்றும் வரவில்லை, அப்படியானால் மனையில் பிரச்சினை இல்லை என்று இருந்துவிட்டேன்.

மூன்றரைக்கு வீடு வந்தேன். ஐந்தாம் பருவத்தில் மனைக் கதவருகே நின்றாலே கேட்கும், புழு இலை தின்கிற சத்தம், கூரையில் தூறல் விழுவது போல. அன்றைக்குக் கேட்கவில்லை. உள்ளே அனல். தெளிப்பான் மோட்டார் குறைந்த மின்னழுத்தத்தில் நின்றுபோயிருக்கிறது. போட்ட இலை வாடிச் சுருண்டு கிடக்க, புழுக்கள் தலையைத் தூக்கியபடி அப்படியே இருந்தன. சில வாந்தி எடுத்திருந்தன. கை நடுங்கப் போனை எடுத்துச் செயலியைத் திறந்தேன். திறந்த பிறகுதான் வரிசையாக விழுந்தன: 11.52, 28.3 டிகிரி. 12.07, 29.6. 12.22, 31. இப்படியே போய் 2.22-க்கு 36.1. பதினொரு எச்சரிக்கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

80 கிலோவுக்குக் குறையாமல் வர வேண்டிய கூடு 41 கிலோ வந்தது. அதிலும் அழுத்தினால் அமுங்குகிற கூடு பாதி. ஏலத்தில் என்ன விலை கிடைத்தது என்பதை விட்டுவிடுகிறேன்.

முதல் கோபம் பெட்டி விற்றவர் மேல் போனது. போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, பெட்டி பதினொரு முறை அனுப்பியிருக்கிறது, எங்கள் கணக்கில் நேரத்தோடு இருக்கிறது. உங்கள் போனில் சமீபத்தில் யாராவது கை வைத்தார்களா?" என்று கேட்டார். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அவர் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் போனைக் குடைந்தாள். நான் போடாத ஒரு செயலி இருந்தது. போனை வேகப்படுத்தும், பேட்டரியைக் காக்கும் என்று சொல்லிக்கொள்ளும் வகை. அதற்கு 'அணுகல்தன்மை' அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. கண் தெரியாதவர்களுக்கும் கை வராதவர்களுக்கும் உதவ வைத்த வசதி அது. அந்த அனுமதி கிடைத்த செயலி திரையில் இருப்பதைப் படிக்கலாம், நம் விரலுக்குப் பதிலாகத் தானே பொத்தான்களை அழுத்தலாம். வங்கிச் செயலி இருக்கிற போனில் யாரோ ஒருவர் இதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்தபோது வயிறு கலங்கியது. நான் திரையை அணைத்தவுடன், அந்தச் செயலி மற்ற செயலிகளின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றையும் கட்டாயமாக நிறுத்திக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அது நின்றால் வாடிக்கையாளர் மறுநாளே வந்துவிடுவார் அல்லவா?

ஆண்ட்ராய்டிலேயே தூங்க வைக்கும் ஏற்பாடு இருக்கிறது, அது வேறு. 2015-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, சார்ஜில் போடாத போன் திரை அணைந்து அசையாமல் கிடந்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். அப்போது செயலிகளுக்கு நெட் கிடையாது. அவ்வப்போது சிறிது நேரம் கதவு திறக்கும், நேரம் போகப் போக அந்த இடைவெளி நீளும். 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, நாம் எவ்வளவு அடிக்கடி திறக்கிறோம் என்று பார்த்துச் செயலிகளைத் தரம் பிரிக்கத் தொடங்கியது. ஆனாலும் அவசரச் செய்திக்கு என்று ஒரு தனி வழி உண்டு. தூங்குகிற போனிலும் வாட்ஸ்அப் அழைப்பு மணி அடிப்பது அப்படித்தான். கட்டாயமாக நிறுத்தப்பட்ட செயலிக்கு அந்த வழியும் மூடிவிடும். நாம் கையால் திறக்கும்வரை அது செத்ததற்குச் சமம். நான் தினமும் காலையில் திறந்து பார்ப்பேன், எண்கள் சரியாக இருக்கும், மூடுவேன். மூடியவுடன் மறுபடி கொன்றிருக்கிறது. பத்தொன்பது நாளும் இதே கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்தச் செயலி எவ்வளவு சார்ஜ் தின்றது என்று அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்திலேயே பார்க்கலாம். அந்த வேகப்படுத்தும் செயலியை நீக்கிவிட்டு நான்கு நாள் கழித்துப் பார்த்தோம். வீடியோ செயலி 46 சதவீதம். என் மகன் இரவு போர்வைக்குள் பார்ப்பது. எச்சரிக்கைச் செயலி 1 சதவீதம்! மனைப் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காததால் போன் சிக்னல் தேடித் தேடிக் களைப்பதும் ஒரு செலவு. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், 600 ரூபாய் வேண்டியதில்லை.

பேட்டரி கதை இதற்கு மேல். பாலக்கோட்டில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் போனைக் கொடுத்து, என் கண் முன்னால் திறக்கச் சொன்னேன். பின்மூடியைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் வில்லையை ஓரத்தில் செருகி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பசை நூல் நூலாக இழுபட்டது. "கம்பெனியில் ஒட்டிய பசை அக்கா. இதை இதுவரை யாரும் திறக்கவில்லை" என்றார். உள்ளே பேட்டரி தட்டையாக, ஊதாமல் இருந்தது. அதன் மேல் அச்சிட்ட வருடம் 2022. நான் போன் வாங்கிய வருடம். ஆக 1,600 ரூபாய் வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் அந்தத் தம்பி நாற்பது நிமிடம் என்ன செய்தார்? ஒரு செயலியைப் போட்டார், மீதி நேரம் அவரும் டீ குடித்திருப்பார்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "சார்ஜ் நிற்கவில்லை என்றுதானே வந்தீர்கள் அக்கா? இப்போது நிற்கிறது அல்லவா?" என்றார். பேட்டரியைப் பற்றிக் கேட்டதற்கு, திறந்த இடத்தில்தான் மாற்றியிருப்பார்கள் என்று பாலக்கோட்டுத் தம்பி மேல் பழியைத் திருப்பினார். என்னிடம் பில் இல்லை, பழைய பேட்டரியும் இல்லை. திரும்பி வந்தேன்.

என் நிலைமை உங்களுக்கு வர வேண்டாம் என்றால் சில விஷயங்கள். பேட்டரி மாற்றினால் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், பழையதைக் காட்டச் சொல்லுங்கள், பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

போனை வேகப்படுத்துகிறேன், சுத்தம் செய்கிறேன் என்று வருகிற செயலி எதுவும் வேண்டாம். நிறுத்திய செயலிகள் திரும்ப எழுந்திருக்கவும் சார்ஜ்தான் செலவாகிறது. அவசரத்துக்கு வைத்திருக்கும் செயலியைப் பிடித்து, அதன் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள். சில போன்களில் தானாகத் தொடங்க அனுமதி என்று தனியாக ஒரு பொத்தான் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும், சிலவற்றில் தூங்கும் செயலிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் செயலி பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். போனில் புதிய பதிப்பு ஏறிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

அதன் பிறகு சோதனை. இதைத்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, போனை மேசையில் இரண்டு மணி நேரம் தொடாமல் வையுங்கள். சார்ஜரில் இருக்கும்போதோ கையில் வைத்திருக்கும்போதோ சோதித்தால் பயனில்லை, போன் அப்போது விழித்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து வேறொருவரை அனுப்பி வெப்பத்தை அளக்கும் உணரியின் பக்கத்தில் ஒரு டம்ளர் சுடுதண்ணீரை வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது முதல் தடவை அடிக்கவே இல்லை. தானாகத் தொடங்கும் பொத்தானை மறந்திருந்தோம். இரண்டாம் தடவை ஒரு நிமிடத்துக்குள் அடித்தது.

இருந்தாலும் செயலியை மட்டும் இனி நம்புவதில்லை. பெட்டியிலேயே சிம் இருப்பதால், சூடு ஏறினால் நேராகத் தொலைபேசி அழைப்பு போகும் வசதி முதலிலிருந்தே இருந்திருக்கிறது. ரீசார்ஜ் செலவுக்குப் பார்த்து நாங்கள்தான் வேண்டாம் என்றிருந்தோம். இந்தக் கஞ்சத்தனம் எங்கள் கணக்கில். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்து போன் போட்டு ஓட்டுகிறோமே, அதற்குச் செயலியும் இல்லை, தூக்கமும் இல்லை. இப்போது அழைப்பு வீட்டுக்காரரின் பொத்தான் போனுக்குப் போகிறது. மனை வாசலில் ஒரு சைரனும் மாட்டியாகிவிட்டது. அது அடித்தால் மதியத் தூக்கம் கெடுகிறது என்று அத்தைக்கு வருத்தம்.

பால் சொசைட்டியில் நான் புகழ்ந்து பேசிய மூன்று பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பேர் அந்தக் கடைக்குப் போகவில்லை. மூன்றாவது அக்கா போயிருக்கிறார், அவரிடமும் பேட்டரி ஊதிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 1,800 ரூபாய். சார்ஜ் நன்றாக நிற்கிறதாம். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலிதான் ஏனோ சில நாளாக அடிப்பதில்லை என்றார். போனை வாங்கிப் பார்த்தேன், அதே செயலி. நாளைக் காலை பாலக்கோட்டில் அந்தப் போனையும் திறக்கப் போகிறோம்.